ஒன்பதாம் மேசையில் இரண்டு பேர்

அந்தச் சின்னப் பெண் இரண்டு கையிலும் இரண்டு சிரிஞ்சு வைத்திருந்தாள். மருந்துக் கடையில் வாங்கிய, ஊசி இல்லாத பிளாஸ்டிக் சிரிஞ்சு. இரண்டையும் ஒரு முழ நீளத்துக்கு மெல்லிய குழாய் இணைத்தது. உள்ளே நீல மை கலந்த தண்ணீர்.

ஒன்றை அழுத்தினால் மற்றதன் தண்டு வெளியே வரும். அந்தத் தண்டு, ஐஸ் குச்சிகளை ஒட்டிச் செய்த சின்னத் தூக்கியைத் தள்ளி மேலே ஏற்றும். செய்முறைத் தாளில் இருந்த படத்தில் அப்படித்தான் போட்டிருந்தது. ஆனால் ஒருவர் அழுத்தும்போது இன்னொருவர் தூக்கியைப் பிடித்துக்கொள்ள வேண்டும். அவளுக்கு மூன்றாவது கை தேவைப்பட்டது. யோசித்துவிட்டுக் குழாயைப் பல்லால் கடித்துக்கொண்டாள். அது கழன்றது. நீலத் தண்ணீர் கவுன் முழுக்கத் தெறித்தது.

அழுவாள் என்று எதிர்பார்த்தேன். அழவில்லை. கவுனைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள்.

மற்ற ஒன்பது மேசைகளிலும் இரண்டிரண்டு பேராக உட்கார்ந்து "நான்தான் அழுத்துவேன்" என்று சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். ஒன்பதாம் மேசையில் மட்டும் சண்டை போட ஆள் இல்லை.

என் கையில் இருந்த வருகைப் பதிவேட்டின்படி அங்கேயும் இரண்டு பேர் இருந்தார்கள்.

பதினாலு விதிகள்

சென்ற வாரம் எங்கள் அடுக்ககத்தின் தண்ணீர்த் தொட்டியைக் கழுவிய வரலாற்றை எழுதியிருந்தேன். "ஒரு தொட்டியைக் கழுவ நாலு பக்கமா?" என்று வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். பதினோரு பக்கம் எழுதி நாலாகக் குறைத்தேன் என்பதை அவருக்குப் பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன்.

அதே அடுக்ககம்தான். ஸ்ரீரங்கத்தில், கொள்ளிடக்கரைப் பக்கம். தரைத்தளத்தில் ஒரு கூடம் உண்டு. வருடத்தில் முந்நூறு நாள் அதில் பழைய சைக்கிள்கள் தங்கியிருக்கும். கோடை விடுமுறையில் அங்கே குழந்தைகளுக்கு ஆறு நாள் அறிவியல் முகாம் நடத்தலாம் என்றார் இரண்டாம் மாடி ரேவதி. பள்ளியில் அறிவியல் ஆசிரியை. கையால் செய்து பார்த்துக் கற்றுக்கொள்வது. காகிதப் பாலம், பலூன் வண்டி, தண்ணீரால் ஏறும் தூக்கி. யோசனை அவருடையது. விதிகள் என்னுடையவை.

"சார், ஆறு நாள் கேம்ப்புக்குப் பதினாலு ரூல் இருக்கு."

"பதினஞ்சாவது யோசிச்சுட்டு இருக்கேம்மா."

பாய்லர் செய்யும் தொழிற்சாலை ஒன்றில் ஆய்வுப் பிரிவில் முப்பத்து நாலு வருடம் இருந்தவன் வேறு எப்படி இருப்பான்? ஒவ்வொரு விதிக்கும் காரணம் உண்டு. மேசைக்கு இருவர். தனியாக எந்தக் குழந்தையும் செய்முறையைத் தொடங்கக் கூடாது, ஏனென்றால் பசை உருக்கும் துப்பாக்கி கையைச் சுட்டுவிடும். மூன்று பேர் கூடாது, ஏனென்றால் மூன்றாவது குழந்தை வேடிக்கைதான் பார்க்கும். பெரியவர்கள் யாரும் கை வைக்கக் கூடாது, ஏனென்றால் பாலத்தை அப்பா கட்டிவிட்டுப் பையனைப் படம் எடுப்பார். முதல் நாள் வராத குழந்தையின் இடம், காத்திருப்புப் பட்டியலின் முதல் பெயருக்குப் போகும்.

இருபது இடம். ஒரே நாளில் நிரம்பிவிட்டன. வெளியாட்களும் சேரலாம் என்று வைத்ததால் உறையூரிலிருந்தும் மண்ணச்சநல்லூரிலிருந்தும்கூடப் பெயர்கள் வந்தன.

ஆனால் முதல் விண்ணப்பம் என்னுடையதுதான். பெயர்: மீரா. வயது: ஒன்பது. உறவு: பேத்தி. பாதுகாவலர் கையெழுத்து: நானே. மேசை எண்: ஒன்பது.

பூனா போஸ்டிங்

மீரா இருப்பது பூனாவில். என் மனைவி கோமதியும் மூன்று வருடமாக அங்கேதான் இருக்கிறாள். எங்களுக்குள் சண்டை ஒன்றும் இல்லை. மகனும் மருமகளும் வேலைக்குப் போகிறார்கள். குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும். "ஒரு மாசம்தாங்க" என்று போனாள். தற்காலிக நியமனம் நிரந்தரமாக வேண்டும் என்று தொழிற்சாலை வாசலில் வருடக்கணக்காகக் கொடி பிடித்தவர்களை எனக்குத் தெரியும். கோமதிக்கு அது கோஷம் போடாமலே கிடைத்துவிட்டது.

நானும் போய் இரண்டு மாதம் இருந்து பார்த்தேன். பதினோராம் மாடி. லிஃப்டில் எல்லோரும் என்னைப் பார்த்து இந்தியில் புன்னகைத்தார்கள். கூரியர் வந்தால் கையெழுத்துப் போட்டு வாங்கி வைப்பது எனக்கு ஒதுக்கப்பட்ட பணி. திரும்பி வந்துவிட்டேன். பூட்டியே கிடந்தால் வீட்டில் கரையான் பிடிக்கும் என்று காரணம் சொன்னேன். மூன்றாம் மாடிக் கான்கிரீட் வீட்டுக்குக் கரையான் வருமா என்று யாரும் கேட்கவில்லை. யாராவது கேட்டிருக்கலாம்.

ஒரு ஆளுக்குச் சோறு வைப்பது சுலபம் என்று நினைப்பவர்கள் வைத்துப் பார்க்க வேண்டும். எப்படி அளந்தாலும் ஒன்றரைப் பேருக்கு வந்துவிடுகிறது. அந்த அரைப் பேருக்கு நான் இரவில் தண்ணீர் ஊற்றி வைப்பேன்.

மீரா வந்தால் கோமதியும் வருவாள். ஒன்பது வயதுக் குழந்தை தனியாக ரயில் ஏறாது. குழந்தைகளின் அறிவியல் ஆர்வத்தில் எனக்குத் திடீரென்று பிறந்த அக்கறையின் முழு விவரம் இவ்வளவுதான்.

ஏப்ரல் முழுக்கத் தொலைபேசியில் மீராவுக்கு ஆசை காட்டினேன்.

"தாத்தா, அங்க ஸ்விம்மிங் பூல் இருக்கா?"

"காவேரியே இருக்கு."

"தண்ணி இருக்கா?"

"ஜூன்ல விடுவாங்க."

"கேம்ப் எப்ப?"

"மே."

அந்தப் பக்கம் அவள் கணக்குப் போடும் சத்தம் எனக்குக் கேட்டது.

தங்கராசு

இந்த இடத்தில் தங்கராசுவைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். வேறு எங்கேயும் சொன்னதில்லை.

பாய்லருக்கான பெரிய உருளை ஒன்றைச் செய்து முடித்ததும் அதில் தண்ணீர் நிரப்பி, உள்ளே இருக்கும் காற்றையெல்லாம் வெளியேற்றி, அழுத்தம் ஏற்றி, ஒவ்வொரு பற்றவைப்பிலும் கசிவு இருக்கிறதா என்று பார்ப்போம். ஆய்வாளர் பக்கத்தில் நின்று கண்ணால் பார்த்துக் கையெழுத்துப் போட்டால்தான் உருளை வண்டி ஏறும். கண்ணால் பார்க்காததற்குக் கையெழுத்து இல்லை. அது புத்தகத்தில் இருந்தது; எனக்கு அது ரத்தத்திலும் இருந்தது.

தங்கராசு ஷிஃப்ட் பொறுப்பாளர். சொந்த ஊர் துறையூர். ஒரு நாள் மத்தியானம் வந்து என் மேசை முன்னால் நின்றார்.

"சார், தண்ணி ஏறிட்டு இருக்கு. சாயங்காலம் டெஸ்ட் முடிஞ்சுடும். இப்பவே ஒரு கையெழுத்து போட்டுக் குடுத்தீங்கன்னா பசங்க வண்டியில ஏத்திடுவாங்க. நான் ஊருக்குக் கிளம்பிடுவேன்."

"முடியட்டும். பாத்துட்டுப் போடறேன்."

"தங்கச்சி நிச்சயதார்த்தம் சார். அப்பா இல்ல. நான்தான் தட்டு மாத்தணும்."

"தங்கராசு, கசிஞ்சா யாரு பொறுப்பு?"

"கசியாது சார். என் கையால செஞ்சது."

தண்ணீர் நிரம்ப ராத்திரி ஆகிவிட்டது. சோதனை மறுநாள் காலையில்தான் முடிந்தது. ஒரு சொட்டுக்கூடக் கசியவில்லை. கையெழுத்துப் போட்டேன். தட்டை வேறு யாரோ மாற்றியிருக்கிறார்கள்.

அதற்குப் பிறகு தங்கராசு என்னிடம் மரியாதையாகத்தான் பேசினார். நான் ஓய்வு பெறும்வரை "சார்" என்ற சொல்லுக்கு முன்னாலும் பின்னாலும் வேறு ஒரு சொல் சேர்க்கவில்லை.

நான் செய்தது சரி. இன்றைக்கும் சரிதான்.

திங்கள், செவ்வாய்

முகாம் தொடங்கிய திங்கட்கிழமை காலை. "பையன் டிக்கெட் பாத்துட்டு இருக்கான், நாளைக்குக் கிளம்பிடலாம்" என்று முந்தின நாள் கோமதி சொல்லியிருந்தாள். பதிவேட்டைத் திறந்து வரிசையாகக் குறித்துக்கொண்டே வந்தேன். வந்தவர்களுக்கு 'வ'. மீராவின் கட்டத்துக்கு வந்ததும் பேனா நின்றது.

விதிப்படி அந்த இடம் அன்று காலையே போக வேண்டும். இன்று கிளம்பினால் எப்படியும் நாளை வந்துவிடுவாள். ஒரு நாள் தாமதம். தண்ணீர் ஏறிக்கொண்டுதானே இருக்கிறது?

'வ' போட்டேன்.

என் கையெழுத்து நன்றாக இருக்கும் என்பார்கள். அன்றும் நன்றாகத்தான் இருந்தது.

பத்து மணிக்குத் தொலைபேசி வந்தது. காத்திருப்புப் பட்டியலில் முதல் பெயர் கவின். அவனுடைய அம்மா மண்ணச்சநல்லூரிலிருந்து பேசினார். அரிசி ஆலையில் வேலை. பின்னால் ஆலை இரைந்துகொண்டிருந்தது. அதற்கு மேல் கத்தினார்.

"சார், வணக்கம்! யாராச்சும் வராம இருந்தா நம்ம பையனுக்குச் சொல்லுங்கன்னு சொல்லியிருந்தேன்ல!"

"இல்லம்மா. எல்லாரும் வந்துட்டாங்க."

"எல்லாருமா சார்?"

"எல்லாரும்."

"பரவால்லீங்க சார். மருந்துக் கடையில ரெண்டு சிரிஞ்சு வாங்கிக்கிட்டு வீட்லயே ஏதோ பண்ணிட்டு இருக்கான். தண்ணியெல்லாம் தரையிலதான்!" என்று சிரித்தார். நானும் சிரித்தேன்.

ஒன்பதாம் மேசையில் மீராவுக்கு ஜோடியாக நான் போட்டிருந்த பெண் தன்யஸ்ரீ. நாலாம் வகுப்பு முடித்தவள். தினமும் உறையூரிலிருந்து அப்பாவோடு டவுன் பஸ்ஸில் வருவாள். திங்கட்கிழமை எல்லோரும் காகிதப் பாலம் கட்ட, அவள் தனியாள் என்பதால் எல்லா மேசைக்கும் காகிதம் எண்ணிக் கொடுத்தாள். செவ்வாய்க்கிழமை எல்லோரும் பலூன் வண்டி விட, அவள் பலூன் ஊதிக் கொடுத்தாள்.

"அவளை எட்டாம் டேபிள்ல சேத்துடலாமா சார்?" என்று கேட்டார் ரேவதி.

"மூணு பேர் கூடாதும்மா."

"சரி, நான் கூட உக்காந்துக்கறேன்."

"பெரியவங்க கை வைக்கக் கூடாது."

"அப்ப என்னதான் சார் பண்றது?"

"நாளைக்கு மீரா வந்துடுவா."

செவ்வாய்க்கிழமையும் 'வ' போட்டேன். முதல் தடவை பேனா நின்ற அளவு நேரம் இந்தத் தடவை நிற்கவில்லை.

வருவான்னு போடுங்க

புதன்கிழமைக்கு வந்துவிட்டோம். ஒன்பதாம் மேசைப் பெண் அன்று யாரையும் கேட்காமல், விதியை மீறித் தனியாகவே தூக்கியைத் தொடங்கிவிட்டிருந்தாள். நீலத் தண்ணீர் தெறித்த கவுனோடு தன்யஸ்ரீ எழுந்து நேராக என்னிடம் வந்தாள். எட்டிப் பதிவேட்டைப் பார்த்தாள். மூடுவதற்குள் படித்துவிட்டாள். இந்தக் காலத்துக் குழந்தைகள் தலைகீழாகவும் படிக்கிறார்கள்.

"தாத்தா, ஒன்பதாம் டேபிள்ல ரெண்டு பேரு ப்ரெசண்ட்டா?"

"ஆமா."

"நான் ஒண்ணு. இன்னொண்ணு?"

"மீரா."

அவள் திரும்பித் தன் மேசையைப் பார்த்தாள். மேசைக்கு அடியிலும் குனிந்து பார்த்தாள். அது வேண்டுமென்றே செய்தது.

"காணோமே?"

"வருவா."

"அப்ப வருவான்னு போடுங்க. வந்துட்டான்னு ஏன் போட்டீங்க? எங்க மிஸ்ஸெல்லாம் பாத்ரூம் போனாலே ஆப்சென்ட் போட்டுடுவாங்க."

"போய் உக்காரு."

"உக்காந்துதான் இருக்கேன் மூணு நாளா."

அவள் போய்விட்டாள். ரேவதி கரும்பலகைப் பக்கம் திரும்பி, ஏற்கெனவே அழித்த இடத்தை மறுபடி அழித்துக்கொண்டிருந்தார்.

நான் வெளியே வந்து, முகாமுக்காகத் தகரக் கூரைக்கு அடியில் மாற்றி வைத்திருந்த சைக்கிள்களுக்கு நடுவில் நின்று பூனாவுக்குப் போன் அடித்தேன். அக்னி நட்சத்திர வெயில். கூரை மடமடவென்று சத்தம் போட்டது.

"கோமதி, கிளம்பறீங்களா இல்லையா?"

"என்னங்க, இந்த நேரத்துல?"

"கிளம்பறீங்களா?"

"அவளுக்கு ஸ்விம்மிங்ல அடுத்த வாரம் லெவல் டெஸ்ட்டாம். விட்டா மறுபடி முதல்லேருந்து சேக்கணுமாம். இவனுக்கும் லீவு கிடைக்கலை."

"இது எப்ப தெரியும் உனக்கு?"

குக்கர் சத்தம் கேட்டது. ஒன்று, இரண்டு, மூன்று. எங்கள் வீட்டில் அது ஒன்றோடு நின்றுவிடும்.

"சனிக்கிழமையே," என்றாள்.

"ஏன் சொல்லலை?"

"எப்படிங்க சொல்றது? ஒரு மாசமா சந்தோஷமா பேசிட்டு இருந்தீங்க. மேசை ஒன்பதுன்னீங்க, ஜன்னல் பக்கம்னீங்க, பக்கத்துல உக்கார்ற பொண்ணு பேரெல்லாம் சொன்னீங்க. நாளைக்குச் சொல்லிக்கலாம், நாளைக்குச் சொல்லிக்கலாம்னு…"

அவளும் நாலு நாளாக ஏதோ ஒரு பதிவேட்டில் 'வ' போட்டுக்கொண்டிருந்திருக்கிறாள்.

"நீ மட்டும் வரலாமே?"

"அவளுக்கு ஸ்கூல் லீவுங்க. லீவு விட்டாத்தான் எனக்கு டூட்டி ஜாஸ்தி."

ஒரே கோடு

தவறான பதிவைத் திருத்துவதற்கு ஒரு முறை உண்டு. வெள்ளை மை பூசக் கூடாது. மேலேயே எழுதி மறைக்கக் கூடாது. தாளைக் கிழிக்கவே கூடாது. அடியில் இருக்கும் எழுத்து படிக்கும்படி ஒரே கோடு. பக்கத்தில் சரியான பதிவு, சுருக்கொப்பம், தேதி. கடைசிக் கட்டத்தில் காரணம். இதைப் புதிதாகச் சேர்ந்த எத்தனையோ பேருக்கு வகுப்பெடுத்திருக்கிறேன்.

மூன்று 'வ'வுக்கும் மூன்று கோடு போட்டேன். 'வரவில்லை' என்று எழுதினேன். சுருக்கொப்பம் வைத்தேன். காரணம் என்ற கட்டத்துக்கு வந்து கொஞ்ச நேரம் பேனாவைப் பிடித்துக்கொண்டிருந்தேன். பிறகு மூடிவிட்டு மண்ணச்சநல்லூருக்குப் பேசினேன்.

"இடம் இருக்கும்மா. நாளைக்கு அனுப்புங்க."

"எல்லாரும் வந்துட்டாங்கன்னு சொன்னீங்களே சார்?"

"தப்பாச் சொல்லிட்டேன்."

"என்ன சார்? மிஷின் சத்தம், கேக்கலை!"

"பொய் சொல்லிட்டேம்மா!" என்று கத்தினேன். தெருவில் போன ஒருவர் நின்று பார்த்தார்.

ஆலை கொஞ்ச நேரம் தனியாக இரைந்தது.

"சரிங்க சார். காலையில எத்தனை மணிக்குக் கூட்டிட்டு வரணும்?"

ஆள் கிடைத்தது

வியாழக்கிழமை ஒன்பது மணிக்கே கவின் வந்துவிட்டான். விரல் நுனியெல்லாம் பசை காய்ந்திருந்தது. தன்யஸ்ரீ அவனை மேலும் கீழும் பார்த்தாள்.

"நீதான் மீராவா?"

"நான் பையன்!"

"மூணு நாளா மீரான்னுதான் எழுதியிருந்துச்சு."

ஐந்து நிமிடத்தில் சண்டை தொடங்கிவிட்டது. தூக்கி பாதி ஏறிவிட்டுத் தொய்ந்தது.

"குழாய்க்குள்ள காத்து இருக்கு. தூக்கிப் பிடிச்சுத் தட்டணும்," என்றான் கவின்.

"எனக்குத் தெரியும்."

"தெரிஞ்சா ஏன் தட்டலை?"

"பிடிக்க ஆள் இல்ல."

அவள் அதை என்னைப் பார்த்துச் சொல்லவில்லை. குழாயைப் பார்த்துத்தான் சொன்னாள். ஆனாலும் நான் வேறு மேசைப் பக்கம் போய்விட்டேன்.

மத்தியானம் ரேவதியிடம் பதிவேட்டைக் காட்டி நடந்ததைச் சொன்னேன். கோடுகளைப் பார்த்தார். "சரி விடுங்க சார், பதினஞ்சாவது ரூல் கிடைச்சுடுச்சு," என்றார்.

சனிக்கிழமை

கடைசி நாள் பெற்றோர்களுக்குக் காட்சி. ஒவ்வொரு தூக்கியும் எதையாவது தூக்கிக் காட்ட வேண்டும். சாக்பீஸ் டப்பா, பென்சில் பெட்டி, ஒரு மாம்பழம். ஒன்பதாம் மேசைக்காரர்களுக்கு அதெல்லாம் போதவில்லை.

"தாத்தா, வெயிட்டா ஒண்ணு வேணும். உங்க நோட்டைக் குடுங்க," என்றாள் தன்யஸ்ரீ.

கெட்டி அட்டை போட்ட பதிவேடு. முப்பத்து நாலு வருட வேலையில் ஒரு பதிவேட்டை அந்நியர் கையில் கொடுத்தவனில்லை. கொடுத்தேன். கவின் அழுத்தினான். தன்யஸ்ரீ பிடித்துக்கொண்டாள். ஐஸ் குச்சிகள் முனகின. பதிவேடு நாலு விரற்கடை மேலே ஏறி நின்றது. எல்லோரும் கைதட்டினார்கள். குழாயின் எந்த இணைப்பிலும் கசிவு இல்லை; பக்கத்தில் நின்று கண்ணால் பார்த்தேன்.

அந்த நேரத்தில் கோமதி வீடியோவில் வந்தாள். மீரா தலை ஈரத்தோடு ஓடிவந்து, "ஹாய் தாத்தா! வாவ்! பை தாத்தா!" என்று மறைந்தாள். கோமதி போகவில்லை. ஒவ்வொரு மேசையாகக் காட்டச் சொன்னாள். ஜன்னலைக் காட்டச் சொன்னாள். தன்யஸ்ரீயிடம், "நீதான் அந்தப் பொண்ணா? நல்லா இருக்கியாம்மா?" என்று கேட்டாள். நீங்க யாரு என்று அவள் பதிலுக்குக் கேட்டதும் சிரித்தாள்.

"அந்த நோட்டைக் காட்டுங்க," என்றாள் பிறகு.

இறக்கி, மீராவின் பெயர் இருந்த பக்கத்தைத் திருப்பிக் காட்டினேன். மூக்குக்கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு படித்தாள்.

"அடிச்சிட்டீங்களா?"

"ம்."

"காரணம் எழுதலையே? நீங்க ஒரு கட்டத்தைக் காலியா விட மாட்டீங்களே."

"என்ன எழுதறதுன்னு தெரியலை."

மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சொன்னாள். "பாட்டிக்கு லீவு கிடைக்கலைன்னு எழுதுங்க."

"இங்க ஒரே சத்தம். கேக்கலை," என்றேன்.

நன்றாகவே கேட்டது. இன்னொரு தடவை சொல்வாள் என்று நினைத்தேன்.

"ஒண்ணுமில்ல. வெயில்ல நிக்காதீங்க. போய்ச் சாப்பிடுங்க," என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாள்.

கூடம் காலியான பிறகு மேசைகளை மடக்கிச் சுவரில் சாய்த்தேன். சைக்கிள்களைப் பழைய இடத்தில் கொண்டுவந்து விட்டேன். பதிவேடு இப்போது இதை எழுதும் மேசை மேல்தான் இருக்கிறது. அந்தக் கட்டத்தில் இன்னும் ஒன்றும் எழுதவில்லை.